கேபிளும் ஏரியலாகிவிட்டால்...

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில், உரிமம் பெற்று ஓர் அமெச்சூர் வானொலி நிலையம் அமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மேலே சென்று, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பகலில் பெரும்பாலும் மலைத்தடையைத் தாண்டிச் சேலம்வரை எட்டும். மழையில் பாதை துண்டிக்கப்பட்டால் அந்நிலையம் உயிர்காக்கும். ஆனால் மரத்தில் கட்டிய 20 மீட்டர் டைபோலோடு, அதிலிருந்து இறங்கும் கேபிளும் ஏரியலாகிவிட்டால்? வீட்டு மின்சாதனங்களின் இரைச்சலெல்லாம் உள்ளே புகும். அழைக்கும் குரல் அதில் அமிழ்ந்துவிடும்.

இச்சிக்கலை அருமையாக விளக்குவது, வால்ட்டர் மாக்ஸ்வெல் 1983 மார்ச் 'கியூ.எஸ்.டி.' இதழில் எழுதிய 'பாலுன் சிக்கலின் சில கூறுகள்' என்ற ஆங்கிலக் கட்டுரை. (இவர் மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த மாக்ஸ்வெல் அல்லர், ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஏரியல் பொறியாளர்.)

கோ-ஆக்சியல் கேபிளில் இரண்டு கடத்திகள் என்றுதானே நினைக்கிறோம்? உண்மையில் மூன்று. உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் செம்பினுள் அது இறங்கும் ஆழம் சுமார் 0.025 மில்லிமீட்டர். ஆகவே கேபிள் வலையின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனிக் கடத்திகள். உட்புறமாக வரும் மின்னோட்டத்துக்கு ஏரியல் முனையில் இரு வழிகள்: ஒன்று ஏரியலின் கை, மற்றொன்று வலையின் வெளிப்புறம். இந்த இரண்டாம் வழியை அடைக்கும் மதகே பாலுன். அது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள்ளை இறக்கும் கருவி என்ற நம்பிக்கை இவ்விளக்கத்தில் தகர்ந்துபோகிறது.

குறை, அவர் காட்டிய மதகில்தான். கேபிள்மீது 50 ஃபெரைட் மணிகளைக் கோக்கச் சொல்கிறார். மணிக்கு மணி தடை கூடும், அவ்வளவே. தகுந்த ஃபெரைட் வளையம் ஒன்றில் கேபிளைச் சுற்றினாலோ, தடை சுற்றுகளின் வர்க்கமாக உயரும்: 7 சுற்றுக்கு ஏறத்தாழ 49 மடங்கு. சுற்றுகளுக்கிடையே உள்ள மின்தேக்கம் இதற்கு ஓர் எல்லை வகுக்கும். ஆயினும் கைக்காசு குறைந்த மாணவருக்கு இதுவே எட்டும் வழி.

மலைச்சரிவுக்கு இன்னொன்றும் வேண்டும். மரம் மேலே, வீடு கீழே. கேபிள் ஏரியலின் ஒரு கைக்கு அடியிலேயே இறங்கினால், அதில் மின்னோட்டம் தூண்டப்படும். முனையிலுள்ள பாலுன் மட்டும் அதைத் தடுக்காது. கேபிளை ஏரியலுக்குச் செங்குத்தாக விலக்கி இறக்குங்கள். வீட்டருகே இரண்டாவது வளையம் ஒன்றையும் போடுங்கள்.

பிறகு கேபிளின் நீளத்தை இரண்டு மூன்று மீட்டர் கூட்டிப் பாருங்கள். மீட்டர் முள் வெகுவாக நகர்ந்தால், மதகு இன்னும் கசிகிறது என்று பொருள்.