சிவஞானபோதத்தின் ஆன்ம நிறுவலும் மூளையியலின் வினாக்களும்

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களையும் நாற்பது அடிகளையும் உடைய சிறுநூல். அதன் மூன்றாம் நூற்பா ஆன்மா உண்டு என்பதை ஏழு ஏதுக்களால் நிறுவ முற்படுகிறது. சைவ சித்தாந்தம் பற்றிய அண்மைக்கால எழுத்துகளில் இந்நூற்பா புதியதொரு பணிக்கு அமர்த்தப்படுவதைக் காணலாம். உணர்வின் இயல்பு குறித்து அறிவியல் இடர்ப்படும் இடத்தைச் சுட்டி, அதற்குரிய விடையை மெய்கண்டார் முன்னரே அருளிவிட்டார் என முடிப்பது அவ்வெழுத்துகளின் போக்காகும். இவ்வொப்பீட்டில் நூற்பாவின் வாதம் வாதமாக ஆராயப்படுவதில்லை. அறிவியலார் எழுப்பும் வினாவும் திரிந்துவிடுகிறது.

நூற்பாவின் அமைப்பு எளியது. சூனியம், உடல், ஐம்பொறி, நுண்ணுடல், உயிர்க்காற்று, பிரமம், இவையனைத்தின் தொகுதி ஆகியவற்றுள் ஒன்றே ஆன்மா என்பாரை முறையே மறுத்து, எஞ்சி நிற்பதே ஆன்மா எனக் கொள்கிறது. அளவை நூலார் இதனை ஒழிபு என்பர். விலக்கப்படுவனவற்றின் பட்டியல் முழுமையானதாயின் ஒழிபு வலிமை பெறும், இல்லையேல் வலுவிழக்கும். இப்பட்டியலில் மூளை தனியே இடம்பெறவில்லை என்பது குறையன்று. அக்காலத்து எவரும் அதனை அறிவின் இருப்பிடமாகக் கொண்டு சித்தாந்தியோடு வாதிட்டதாகத் தெரியவில்லை. எனினும் இன்று இந்நூற்பாவை மூளையியலுக்கு எதிர்வைப்பவர் மூளையைப் பட்டியலின் எவ்வுறுப்பில் அடக்குவது என்னும் வினாவுக்கு விடை கூறியாக வேண்டும்.

இரண்டாம் ஏது ‘எனது உடல்’ என்னும் வழக்கைச் சான்றாக்குகிறது. உடைமை வேறு, உடையவன் வேறு. ஆகலின் உடலை ‘எனது’ என்பது உடலின் வேறாதல் வேண்டும் என்பது அதன் கருத்து. தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பே. ஆறாம் வேற்றுமைக் கிழமைப்பொருள் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும். ‘கண்ணனது வீடு’ பிறிதின்கிழமை. ‘கண்ணனது கை’ தற்கிழமை. கை கண்ணனின் வேறன்று. அவ்வாறாயின் ‘எனது உடல்’ என்பது பிறிதின்கிழமையே என்பதை வேற்றுமை உருபு மட்டும் காட்டாது. அதனை வேறொரு சான்றால் நிறுவ வேண்டும். மேலும், ‘எனது உயிர்’ என்பதும் வழக்கே. அதனையும் பிறிதின்கிழமையாகக் கொள்ளின் உயிருக்கு அப்பால் மற்றோர் உடையவனைத் தேட நேரும்.

‘எனது’ என்னும் உணர்வே எவ்வாறு தோன்றுகிறது என்பதை 1998இல் பாட்வினிக், கோஹன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியில் காட்டிற்று. ஒருவரது கையைத் திரைக்கு மறைவில் வைத்து, அவர் காண ஒரு ரப்பர்க் கையை வைத்து, இரண்டையும் ஒரே வேளையில் தூரிகையால் வருடினர். சிறிது நேரத்தில் ரப்பர்க் கையே தம் கை என்னும் உணர்வு அவருக்கு உண்டாயிற்று. வி. எஸ். இராமச்சந்திரன் ஆராய்ந்த மாயஉறுப்பு நோயாளிகளோ துண்டிக்கப்பட்ட கை வலிக்கிறது என்றனர். உடைமையுணர்வு காட்சியும் தொடுகையும் சேர்ந்து மூளையில் உருவாவது என்பதற்கு இவை சான்றுகள்.

இதனால் சித்தாந்தம் வீழ்ந்தது எனல் விரைந்த முடிவாகும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் மாயையின் காரியங்கள், சடம் என்பதே சித்தாந்தத்தின் துணிபு. மேலைநாட்டு மெய்யியலில் டெக்கார்ட் பருப்பொருளுக்கும் மனத்துக்கும் இடையே கோடு வரைந்தார். சித்தாந்தமோ மனத்தையும் சடத்தின் பக்கமே நிறுத்திவிடுகிறது. ஆகவே மனத்தின் செயல் ஒவ்வொன்றும் மூளையைச் சார்ந்தது என நாளை நிறுவப்படினும் சித்தாந்திக்கு இழப்பில்லை. ஆனால் இந்தக் காப்புக்கு ஒரு விலையுண்டு. நான்காம் நூற்பா அந்தக்கரணங்களுள் எதுவும் ஆன்மா அன்று என்கிறது. ‘யான்’, ‘எனது’ என எழுவதோ அகங்காரத்தின் தொழில். அவ்வெழுச்சியையே மூன்றாம் நூற்பா ஆன்மாவுக்குச் சான்றாக்குவது எங்ஙனம்? அகங்காரம் சடமாதலின் அதனைச் செலுத்தும் அறிவுடைப் பொருள் வேண்டும் என மரபு விடை கூறும். அவ்விடையில் சடம் அறியாது என்பது முன்னரே கொள்ளப்பட்டுவிடுகிறது. நிறுவ வேண்டியதும் அதுவே.

ஏழனுள் இன்றும் கூர்மழுங்காதது உறக்கத்தை எடுத்துக்காட்டும் ஏதுவாகும். உறங்குபவனிடத்து மூச்சு இயங்குகிறது. நுகர்ச்சியும் வினையும் இல்லை. எனவே உயிர்க்காற்று அறிவுப்பொருள் அன்று. ஆய்வுக்கூடங்கள் கைக்கொள்ளும் முறையும் இதுவே. 2005இல் மாசிமினி, டொனோனி முதலியோர் விழித்திருப்பவர் மூளையிலும் ஆழ்ந்து உறங்குபவர் மூளையிலும் காந்தத் துடிப்பைச் செலுத்திப் பார்த்தனர். விழிப்பில் அதன் விளைவு பல பகுதிகளுக்கும் பரவியது. உறக்கத்தில் எழுந்த இடத்திலேயே அடங்கிற்று. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் 6,900 கோடி சிறுமூளையைச் சார்ந்தவை. அச்சிறுமூளை இன்றிப் பிறந்தோரும் உணர்வுடையராய் வாழ்ந்துள்ளனர். ஆகவே நரம்பணுக்களின் இயக்கம் என்ற அளவில் அது உணர்வாகிவிடாது. இதுவரை மெய்கண்டாரும் ஆய்வுக்கூடமும் ஒருவழிச் செல்கின்றனர். அதன்பின் அவர் இயங்குவதனின் வேறாய் ஒரு பொருளைக் கொள்கிறார். ஆய்வாளரோ இயக்கத்தின் வகையை, பகுதிகள் பிணையும் முறையைத் தேடுகின்றனர்.

பிணைப்பே உணர்வு என்னும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடிய வழிக் கள்ளின் களிப்புத் தோன்றுதல்போலப் பூதங்கள் கூடிய வழி உணர்வு தோன்றும் என்கிறான். பொருள்களில் தனித்தனியே இல்லாத களிப்பு கூட்டத்தில் பிறக்கிறது என்னும் அவ்வுவமை இன்றைய கொள்கைகள் சிலவற்றின் கருவை ஒத்தது. மணிமேகலை அவனுக்குக் கூறும் மறுமொழி கருதலளவை பற்றியது; தாய்தந்தையரை வேறெவ்வாறு அறிவாய் என மடக்குகிறாள். அளவையில் அவன் தோற்றதைக் கண்ட உரையாசிரியர்கள் உணர்வைப் பற்றிய அவன் கூற்று மறுக்கப்படாமலே நிற்பதைப் பெரிதும் கவனித்ததாகத் தோன்றவில்லை. சித்தாந்தத்தின் ஏழாம் ஏது இதற்கு விடையாகுமா? தொகுதியின் உறுப்பு ஒவ்வொன்றும் தனிப்பெயருடைய கருவியாதலின் தொகுதி ஆன்மா ஆகாது என்கிறது அது. உறுப்பில் இல்லாதது தொகுதியிலும் இராது எனக் கொண்டாலன்றி இவ்விடை நில்லாது. களிப்பின் உவமை மறுப்பது அதனையே.

மறுபக்கத்தாரும் தம் கணக்கை நேர்செய்யவில்லை. மூளையின் செயல்களை முற்றும் விளக்கிய பின்னரும், அச்செயல்களோடு அகத்தே ஓர் அனுபவம் ஏன் உடனிருக்கிறது என்பது எஞ்சும் என 1994இல் டூசான் மாநாட்டில் டேவிட் சால்மர்ஸ் வாதிட்டார். உணர்வுக்குரிய நரம்பியல் அடையாளம் 25 ஆண்டுகளில் தெளிவாகும் என அவரோடு 1998இல் பந்தயம் கட்டிய கிறிஸ்டாஃப் காக், 2023 ஜூனில் நியூயார்க்கில் தோல்வியை ஒப்பி மதுப்புட்டிகளை வழங்கினார். இரு கொள்கைகளை எதிரெதிரே நிறுத்திச் செய்த சோதனையின் முடிவு 2025இல் நேச்சர் இதழில் வெளியானது. இரண்டின் கணிப்புகளும் அதில் இடருற்றன. இத்தோல்வியை ஆன்மாவுக்குக் கிடைத்த வெற்றியெனக் கொண்டாடுவோர் அது எந்த ஆன்மா என்பதைக் கூறுவதில்லை. ஸ்ரோடிங்கர் 1944இல் தம் நூலின் இறுதியில் உபநிடதத்தைச் சார்ந்து உணர்வு ஒன்றே என்றார். அவரைத் துணைக்கழைக்கும் சித்தாந்தக் கட்டுரையாளர், உயிர் உணர்த்த உணர்வது, தானே விளங்குவதன்று என்னும் மெய்கண்டாரின் ஆறாம் ஏது அதனையே மறுக்க எழுந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.