பரம்பரையா, தாக்கமா?

புதுச்சேரி கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைப் பற்றி எதைப் படித்தாலும் 'ஜப்பானியத் தாக்கம்' வந்துவிடும். தப்பில்லை. ரே மீக்கரோடு சேர்ந்து 1971-ல் அதைத் தொடங்கிய டெபோரா ஸ்மித், ஜப்பானில் பிசென் ஊரில் தொழில் பழகியவர். அவர்களிடம் கற்றவர்கள் பலர் இன்று பேர்பெற்ற செராமிக் கலைஞர்கள்.

டவுனிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் வில்லியனூர். அங்கே சுடுமண் சிற்பி வி.கே.முனுசாமி, 2020-ல் பத்மஸ்ரீ. அவரைப் பற்றி எழுதும்போது மட்டும் 'தாக்கம்' காணாமல் போய் 'பரம்பரைத் தொழில்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. என்னவோ யாரையும் எதையும் பார்க்காமல், ரத்தத்திலேயே வந்துவிட்ட மாதிரி!

வேடிக்கை என்னன்னா, பிசெனும் தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்த குடும்பங்களின் ஊர்தான். கடல் தாண்டி வந்தால் தாக்கம், வில்லியனூரிலேயே இருந்தால் பரம்பரையா? என் பழைய குறிப்பு ஒன்றிலும் இதே கோளாறு இருந்தது. நேற்று ராத்திரிதான் திருத்தினேன்.