கூரைமேல் உழைப்பவன்

கோயிலை ஓவியத்தில் கண்டால் அதன் எழிலைப் புகழ்வர். எழுப்பிய கையை மறப்பர். சப்பானிய ஓவியர் ஒக்குசாய் மறக்கவில்லை. 1830-ஐ ஒட்டி வெளிவந்த ‘பியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்’ என்னும் மரப்பலகை அச்சோவிய வரிசையைக் காணுங்கள். எடோ நகரின் ஒங்கான்ஜி கோயிலில் அவர் காட்டுவது கருவறையை அல்ல, கூரையை! அதன்மேல் சிற்றுருவாய்த் தொழிலாளர். தொலைவில், கூரை முகப்பின் வடிவிலேயே மலை. மலைக்கு நிகராய் நிற்கிறது மனித உழைப்பு! மிட்சுயி வணிகர் கடைக் கூரையிலும் உழைப்பாளரே. ஒருவன் வீச மற்றவன் ஏந்தவிருக்கும் பொதி வானில் மிதக்கிறது.

ஆயினும் ஒரு குறை. தாளில் ஓவியர் பெயர் உண்டு. பலகை செதுக்கியவன் பெயரோ, அச்சிட்டவன் பெயரோ இல்லை. கூரை வேய்ந்தவனுக்கு இடம் தந்த ஓவியம், தன்னை ஆக்கியவனுக்குத் தரவில்லை! அழகைப் போற்றுவோம், அந்த வெற்றிடத்தையும் படிப்போம்.