‘இல்லை’யும் ‘தெரியவில்லை’யும்

ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர்களுக்கு தாம்பரம் சானடோரியம் ஒரு ரயில்வே ஸ்டேஷனாகவாவது தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்குக் காரணம், 1928-ல் டாக்டர் சவுரி முத்து டி.பி. நோயாளிகளுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரி. டி.பி. வைத்தியத்தில் ஒரு பழைய பாடம் உண்டு. ஒரு தடவை சளியில் கிருமி தென்படாவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதே, இன்னொரு தடவை பார்.

நுரையீரல் புற்றுநோய்க்கான ஜீன் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் பல, இந்தப் பாடத்தை மறந்துவிடுகின்றன என்பது என் புகார்.

இ.ஜி.எஃப்.ஆர். என்கிற ஜீனில் குறிப்பிட்ட சில மாறுதல்கள் இருந்தால் ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்யும். 2009-ல் வெளியான ‘ஐபாஸ்’ ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களில் மாறுதல் உள்ள 71 சதவிகிதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. மாறுதல் இல்லாதவர்களில் வெறும் 1 சதவிகிதம். அவர்களுக்கு கீமோதெரபியே மேல். ஆக, ரிப்போர்ட்டின் ஒரு வார்த்தை வைத்தியத்தையே திருப்பிவிடுகிறது. அதே ஆய்வில் 683 பேர் திசு கொடுத்தும், முடிவு சொல்ல முடிந்தது 437 பேருக்குத்தான்!

ஏன் இப்படி? பயாப்ஸி ஊசியில் வருவது நூலிழை மாதிரி ஒரு துணுக்கு. அதில் ரத்தமும் நல்ல செல்களும்தான் அதிகம் இருக்கலாம். புற்று செல் குறைந்தால் பழைய சாங்கர் முறை கோட்டை விட்டுவிடும். ஃபார்மலினில் அதிகம் ஊறினால் டி.என்.ஏ. துண்டு துண்டாகும், சில சமயம் இல்லாத மாறுதல்கூட இருப்பதாகத் தெரியும். எலும்பில் எடுத்த பயாப்ஸி என்றால் அதை மிருதுவாக்கும் அமிலமே டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். ரத்தத்திலும் சோதிக்கலாம். கட்டி போதுமான டி.என்.ஏ.வை ரத்தத்தில் கசியவிடவில்லையென்றால் அதுவும் கை விரித்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ரிப்போர்ட்டில் கொட்டை எழுத்தில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வரும். நாம் அதை ‘இல்லை’ என்று படித்துக்கொள்கிறோம். புற்று செல் எத்தனை சதவிகிதம், டி.என்.ஏ. போதுமானதா, எந்தெந்த மாறுதல்களைத் தேடினார்கள்... மூன்றே வரி. நல்ல லேப்கள் எழுதுகின்றன. எல்லா ரிப்போர்ட்டிலும் இருப்பதில்லை.

மும்பை டாடா மெமோரியல் 2013-ல் வெளியிட்ட கணக்கில், நுரையீரல் அடினோகார்சினோமா வந்த 907 இந்தியர்களில் 23 சதவிகிதம் பேருக்கு இந்த மாறுதல் இருந்தது. கிட்டத்தட்ட நாலில் ஒருவர். அந்த ஒருவருக்குத் தப்பாக ‘இல்லை’ என்றால், பலன் தரக்கூடிய மாத்திரை அவர் கைக்கு வராமலே போகலாம்.

எனவே உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், டாக்டரிடம் தயங்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், இது ‘இல்லை’யா, ‘சாம்பிள் போதவில்லை’யா?”