மெய்நிகர் உலகில் கிரேக்க, உரோமப் புராணங்கள்

கிரேக்க, உரோமப் புராணங்களைக் கற்பிக்க மாணவர்களைக் கணினியின் மெய்நிகர் உலகுகளுக்குள் அனுப்பும் வழக்கம் மேற்கு நாடுகளில் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இதை வியந்து போற்றுவோர் உண்டு. "விளையாட்டுத்தானே" என்று தட்டிவிடுவோரும் உண்டு. என் கேள்வி வேறு. இவ்வுலகுகள் மாணவனை யோசிக்க வைக்கின்றனவா, வெறுமனே பார்க்க வைக்கின்றனவா?

1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர் 'வீரோமா' என்ற உலகை உருவாக்கினர். கி.பி. 150 அளவிலான உரோம நகரம் அது. அதன் உயிர் எழுத்தில்தான் இருந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து நுழையும் மாணவர்கள் இடங்களின் வர்ணனையை வாசித்தார்கள், தட்டச்சு செய்து ஒருவரோடொருவர் பேசினார்கள்.

யூபிசொஃப்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட 'டிஸ்கவரி டுவர்: பண்டைய கிரேக்கம்' இதற்கு மறுபக்கம். 30 சுற்றுலாக்கள் கொண்ட அதில் புராணமும் ஒரு தலைப்பு. கோயில்களும் சிலைகளும் வெள்ளைச் சலவைக்கல்லாக நில்லாமல், அக்காலத்தைப் போல வர்ணம் பூசி நிற்கின்றன. அழகுதான். ஆனால் மாணவன் அதில் தனியாக நடக்கிறான். வழிகாட்டி சொல்வதைக் கேட்கிறான். மறுத்துப் பேசக் கூட ஆளில்லை.

இது சின்னக் குறையல்ல. கிரேக்கப் புராணத்துக்கு ஒரே வேதநூல் கிடையாது. ஹெஸியொட்டிடம் மெடூஸா பிறப்பிலேயே கோர்கன் சகோதரிகளில் ஒருத்தி. ஒவிட்டிடமோ அவள் அழகி. மினர்வாவின் கோயிலில் நெப்டியூனால் கெடுக்கப்பட்டு, அதன்பின் தண்டனையும் பெற்றவள். எதைத் தெரிவது என்பதிலேயே நீதி பற்றிய விவாதம் தொடங்கிவிடுகிறது.

'மைன்கிராஃப்ட்' போன்ற உலகில் நான்கு மாணவர்கள் சேர்ந்து மினோட்டோரின் சிக்கல் மாளிகையைக் கட்டுவதாக வைப்போம். நொசொஸ் நகரின் பழைய நாணயங்கள் பலவற்றில் அது வளைந்து செல்லும் ஒற்றைப் பாதை. ஒவிட் வர்ணிப்பதோ, கட்டிய டெடலஸே திரும்பி வரச் சிரமப்பட்ட குழப்பப் பாதைகள். ஒற்றைப் பாதை என்றால் அரியாட்னி நூல் கொடுத்தது எதற்கு? சுவர் எழுப்ப முன் நால்வரும் சண்டை பிடித்தாக வேண்டும். மூலநூலைத் திறந்தாக வேண்டும். கூட்டாகக் கட்டுவதன் பயன் இந்தச் சண்டையில்தான் இருக்கிறது.

"ஷிர்க்கான கதைகள் எங்கட பிள்ளைகளுக்கு என்னத்துக்கு?" என்று ஒரு வாப்பா கேட்டால் அது நியாயமான கேள்வியே. எங்கள் உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகம் ஒரு பாடம் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் எங்கள் அறிவு வரலாற்றில் இருக்கிறது. அப்பாஸியர் காலத்தில் அரிஸ்டோட்டிலும் கலெனும் அறபுக்கு வந்தார்கள். ஹோமரின் 'இலியட்' முழுமையாக அறபுக் கவிதையில் வந்தது 1904இல், சுலைமான் அல்புஸ்தானியின் கையால். இடைக்காலத்தில் அரிஸ்டோட்டிலின் 'கவிதையியல்' மட்டும் வந்து, அது பேசிய நாடகங்கள் வராமற்போயின. அதனால் துன்பியல் நாடகம் 'மதீஹ்' என்ற புகழ்ப்பாட்டாகவும், இன்பியல் 'ஹிஜா' என்ற வசைப்பாட்டாகவும் பெயர்க்கப்பட்டன. இப்னு றுஷ்த் போன்ற பேரறிஞரும் அந்தப் பாதையிலேயே நடக்க நேர்ந்தது. கதை தெரியாமல் கோட்பாட்டை மட்டும் எடுப்பதன் விலை அது. ஒன்றை அறிவது வேறு, அதை நம்புவது வேறு.

ஆனாலும் ஒரு எல்லை உண்டு. கோயிலைக் கட்டிப் படிப்பது ஒன்று. அதனுள்ளே பிள்ளையைப் பலி கொடுக்கும் பூசாரியாக நடிக்க வைப்பது வேறொன்று. சிற்பியாக, பயணியாக, வழக்காடுபவனாக நுழைய விரும்பும் பிள்ளைக்கு ஆசிரியர் அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும். மெய்நிகர் உலகில் வேடத்தை மாற்றுவது இலகு என்பதால், இதை மறுக்க எந்த ஆசிரியருக்கும் காரணமில்லை.

எனவே விலையுயர்ந்த காட்சிகளைத் தேடி நாம் அலையத் தேவையில்லை. பிள்ளைகள் கூடிக் கட்டவும், மூலநூலை வைத்து வாதாடவும் இடம் தரும் உலகே எமக்கு உகந்தது. கணினி இல்லாத பள்ளிக்கூடத்தில் அந்தச் சிக்கல் மாளிகையை ஒரு பெரிய தாளில் நால்வரும் சேர்ந்து வரையட்டும். நூல் எதற்கு என்ற கேள்வி அங்கும் வந்தே தீரும்.