இரவல் வல்லமை

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் இணைய விளையாட்டு 2004 நவம்பரில் வெளிவந்த காலந்தொட்டு, ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை பிளிசார்ட் நிறுவனத்தார் ஒரு விரிவாக்கத்தை விலைக்கு விடுவதும், ரசிகர்கள் அதை முதல் மாதத்தில் வானளாவப் புகழ்ந்து ஆறாவது மாதத்தில் வாய்விட்டு வைவதும் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டன. அந்த வரிசையில் எட்டாவதாக 2020 நவம்பரில் வந்த ‘ஷேடோலேண்ட்ஸ்’, முதல் நாளிலேயே 37 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, அதுவரை எந்தக் கணினி விளையாட்டும் கண்டிராத வேகத்தில் விலைபோயிற்று என்று நிறுவனத்தாரே பெருமிதத்துடன் அறிவித்தனர். ஆயினும் ஓராண்டு நிறைவதற்குள் அதன் பிரதான விதிகள் சிலவற்றை அவர்களே கழற்றி எறிய வேண்டிவந்தது. வெளியான புதிதிலும், திருத்தங்கள் யாவும் வந்து முடிந்த பின்னரும் இதை ஆடிப் பார்த்தவன் என்ற முறையில், அவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரமே இதைப் பற்றிச் சொல்லவேண்டிய முக்கிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். இறந்தவர்களின் ஆன்மாக்கள் சென்று சேரும் மறுமையுலகங்களே களமாதலால், ஓவியர்கள் தம் கற்பனைக்குக் கடிவாளம் போடவில்லை. அவற்றுள்ளும் நீலநிற இரவு நிரந்தரமாகக் குடிகொண்ட ‘ஆர்டன்வீல்ட்’ என்னும் வனம், இந்த விளையாட்டின் இத்தனை ஆண்டுச் சிருஷ்டிகளில் உயர்ந்த ஸ்தானத்தில் வைக்கத்தக்கது. 2016இல் வந்த ‘லீஜியன்’ விரிவாக்கத்தின் முதல் ரெய்டில், அதாவது பலர் சேர்ந்து ஆடும் பெரும்போரில், நஞ்சேறிப் போன உர்சாக் என்னும் கரடித் தெய்வத்தை வீழ்த்தியவர்கள் ஆட்டக்காரர்களே. அதே உர்சாக்கின் ஆன்மா இவ்வனத்தில் ஒரு வித்துக்குள் மறுபிறவியை எதிர்நோக்கி உறங்குகிறது. ஆனால் ‘அனிமா’ என்னும் ஜீவசக்திக்குப் பஞ்சம் வந்துவிட்ட காரணத்தால், மற்ற வித்துகளைக் காப்பதற்காக இவ்வித்தைப் பலியிட வனத்தின் காவலர்கள் துணிகிறார்கள். அன்று கொன்ற ஆட்டக்காரர் இன்று அருகே நின்று அதற்கு உடந்தையாகிறார். பழைய ரசிகரின் நினைவை இத்தனை நுட்பமாகத் தொட்ட கட்டம் இந்த விளையாட்டில் வேறு அதிகமில்லை.

இந்த நயமெல்லாம் லெவல் 60ஐ எட்டும் வரையில்தான். அதற்குமேல் ஆரம்பமாவது விளையாட்டா, தினசரி உத்தியோகமா என்று சந்தேகிக்கும்படி வேலைகள் வந்து குவிகின்றன. களமாக அமைந்த நான்கு மறுமையுலகங்களுக்கும் நடுவே ஒரிபோஸ் என்ற வட்ட நகரம் அந்தரத்தில் நிற்கிறது. ஓர் உலகத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல நேர்வழி கிடையாது. பறவையேறி ஒரிபோஸுக்கு வந்து, அங்கிருந்து மற்றொரு சவாரி பிடித்து, திரையில் வெளி விரிந்து சுருங்குவதைக் கைகட்டிப் பார்த்திருந்து, போய் இறங்கிப் பத்துப் பன்றிகளையோ பேய்களையோ கொன்றுவிட்டு, மறுபடியும் அதே வழியாகத் திரும்பவேண்டும். சொந்த வாகனத்தில் பறக்கும் அனுமதி 2021 ஜூனில் வந்த 9.1 பேட்ச் என்னும் திருத்தத் தொகுப்புடன்தான் கிடைத்தது; அதுவும் கதையில் குறிப்பிட்ட கட்டத்தைக் கடந்தவர்களுக்கு மட்டுமே. ‘மாவ்’ எனப்படும் நரகப் பிரதேசத்திலோ, ஆரம்பத்தில் குதிரையேறிச் செல்லவும் பெரும்பாலோருக்கு அனுமதியில்லை. நரகம் நரகமாக இருக்கவேண்டும் என்ற கலைநோக்கம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் மாதச் சந்தா 15 டாலர் கட்டி நரகத்தில் நடப்பவனுக்குக் கலைநோக்கம் கால்வலிக்கு மருந்தாகாது.

இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்கமுடியாதது ‘கவனன்ட்’ விஷயம். நான்கு உலகங்களை ஆளும் நான்கு சபைகளுள் ஒன்றில் ஆட்டக்காரர் சேரவேண்டும். ஒவ்வொரு சபையும் தனக்கேயுரிய சக்திகளை அவருக்கு அளிக்கும். ரெவன்ட்ரெத் என்னும் உலகின் இரத்தம் குடிக்கும் பிரபுக்களிடம் மனம் பறிகொடுத்த ஒரு மந்திரவாதிக்கு, கணக்குப் பார்த்தால் ஆர்டன்வீல்ட் சபையின் சக்தியே போரில் அதிக பலனளிக்கும் என்று ஏற்பட்டால், அவர் ரசனையைக் கைவிடவேண்டும், அல்லது கில்ட் எனப்படும் தம் குழுவின் நண்பர்களது முணுமுணுப்பைச் சகிக்கவேண்டும். விட்டுவந்த சபைக்கே திரும்ப நினைத்தால் பிராயச்சித்தப் பணிகளில் வாரங்கள் கழியும். சக்திகளோடு பொருத்திக்கொள்ளும் ‘கான்ட்யூட்’களை மாற்றுவதற்குக்கூட, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஊறும் ஒரு சேமிப்பைச் செலவிடவேண்டும் என்று விதித்திருந்தார்கள். தேர்வுக்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் வாதம். சக்தியையும் சபையையும் பிரித்துவிடுங்கள் என்று பரிசோதனைக் காலத்திலேயே ஆட்டக்காரர்கள் மன்றாடியதை அவர்கள் செவிமடுக்கவில்லை. கடைசியில் 2021 நவம்பரில், 9.1.5 பேட்சில், கான்ட்யூட் கட்டுப்பாடு அடியோடு ஒழிந்தது. ஒரு சபையில் முழு மதிப்பைப் பெற்றவர் இஷ்டம்போல் சபை மாறலாம் என்றும் ஆயிற்று. அந்த ஒரு வருஷம் வீணில் காத்துக்கிடந்தவர்களின் காலத்தை எந்தப் பேட்சும் திருப்பித் தரவில்லை. இவ்வகைச் சக்திகளுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் இரவல் வல்லமை; அடுத்த விரிவாக்கம் வந்ததும், வருந்திச் சம்பாதித்த சபைச் சக்தி அந்த மறுமையுலகங்களின் எல்லைக்கு வெளியே செல்லாக்காசாயிற்று.

டோர்காஸ்ட் என்ற மாறும் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் அறைகளும் வரங்களும் மாறிமாறி வரும் அந்த அமைப்பு தன்னளவில் சுவாரசியமானது. லெஜண்டரி உபகரணங்களுக்கு வேண்டிய சாம்பலை வாரந்தோறும் அங்கே சென்றுதான் அள்ளவேண்டும் என்று கட்டாயப்படுத்தியதால் அந்தச் சுவாரசியம் கெட்டது.

9.1 பேட்ச் வருவதற்கு ஏழு மாதமாயிற்று என்பது அந்நாளைய பெரிய மனக்குறை. புதுச் சரக்கின்றி இப்படிக் காக்கவைப்பதில் புதுமை ஒன்றுமில்லை. 2014இல் வந்த ‘வார்லார்ட்ஸ் ஆஃப் ட்ரேனர்’ வெளியீட்டின்போது ஒரு கோடியைத் தொட்ட சந்தாதாரர் தொகை, 2015 மார்ச் இறுதியில் 71 லட்சமாகவும் ஜூன் இறுதியில் 56 லட்சமாகவும் சரிந்தது; அந்த விரிவாக்கத்தின் 6.1 பேட்சில் பாத்திரங்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் கேமரா ஒரு விசேஷ அம்சமாக வழங்கப்பட்டதை ரசிகர்கள் இன்னும் மன்னித்தபாடில்லை. சரிவுக்குச் சில மாதங்களுக்குப் பின் அந்தத் தொகையை வெளியிடுவதையே நிறுவனத்தார் நிறுத்திக்கொண்டார்கள்! அதே துறையில், ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’இன் இயக்குநர் யோஷிடா நவோகி, வேலை முடிந்தால் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு விளையாட்டுகளுக்குப் போங்கள், அடுத்த பேட்சுக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தவர். அவருடைய ‘எண்ட்வாக்கர்’ விரிவாக்கம் 2021 டிசம்பரில் வந்தபோது, சர்வர்கள் கூட்டம் தாங்காமல் புதிதாக விற்பதையே சில வாரம் நிறுத்தவேண்டியதாயிற்று.

பிளிசார்ட் நிறுவனத்தாரும் பிறகு பாடம் கற்றார்கள் என்றே சொல்லவேண்டும். 2022 நவம்பரில் வந்த ‘டிராகன்ஃபிளைட்’, இரவல் வல்லமையைக் கைவிட்டு, திறன்களைக் கிளைகிளையாகத் தேர்ந்துகொள்ளும் பழைய திறன்மரங்களை மீட்டு, முதல் நாளிலிருந்தே பறக்கவும் விட்டது.

ஷேடோலேண்ட்ஸ் இன்று சந்தாதாரர்களுக்குத் தனி விலையின்றிக் கிடைக்கிறது. ஆர்டன்வீல்டையும் ரெவன்ட்ரெத்தையும் கதைக்காக நிதானமாக ஆடிப் பாருங்கள்; டோர்காஸ்டை ஆசைக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள்; மாவ் பக்கம் அநாவசியமாகப் போகவேண்டாம். இனி எந்த விரிவாக்கம் வந்தாலும், அதன் முதல் பெரிய பேட்ச் வெளிவந்து, வடிவமைப்பாளர்கள் எந்த விதியை வைத்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரிந்தபிறகு காசைக் கொடுங்கள்.