'எல்லோருக்கும்' என்றால் யாருக்கெல்லாம்? கிளிக்ஹவுஸ் கட்டுரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

2024 ஆகஸ்டில் சீனாவின் குவாங்சோவில் நடந்த வி.எல்.டி.பி. மாநாட்டில் கிளிக்ஹவுஸ் குழுவினர் ஒரு ஆய்வுக் கட்டுரை கொடுத்தார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கிளிக்ஹவுஸ்: எல்லோருக்கும் மின்னல் வேகப் பகுப்பாய்வு'. வந்த புதிதில் படித்தபோது அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. போன மாதம் மறுபடி படித்தேன். இந்த முறை அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. நடுவில் ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நடந்த விஷயம்தான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கட்டுரை.

கட்டுரை சொல்வது

பகுப்பாய்வுத் தரவுத்தளம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டைத்தான் உதாரணம் சொல்வது. கமிஷன் கடைப் பேரேட்டில் ஒரு வரிக்கு ஒரு விவசாயி: பெயர், ஊர், எத்தனை மூட்டை, எடை, விலை. ஒருவருடைய கணக்கை எடுக்க இது வசதி. ஆனால் 'இந்த வருஷம் மொத்தம் எத்தனை கிலோ வந்தது?' என்று கேட்டால் எல்லா வரியையும் முழுசாகப் புரட்ட வேண்டும். எடையை மட்டும் தனி நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தால் அந்த ஒரு நோட்டைக் கூட்டினால் போதும். கிளிக்ஹவுஸ் செய்வது இரண்டாவது முறை. ஒவ்வொரு பத்தியும் தனியாக இருப்பதால் சுருக்கி வைப்பதும் எளிது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் இணையதள வருகைகளைக் கணக்கிட உருவாகி, 2016இல் திறந்த மூலமாக வெளிவந்தது.

கட்டுரையின் முன்னுரையில், இன்றைய பகுப்பாய்வுத் தரவுத்தளம் தீர்க்க வேண்டிய 5 சவால்களைப் பட்டியல் போடுகிறார்கள். ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம்: உறுதித்தன்மையும் எங்கும் நிறுவக்கூடிய தன்மையும். பழைய லேப்டாப்பிலிருந்து பெரிய சர்வர் வரை எதிலும் ஓட வேண்டும் என்கிறார்கள். ஓடவும் செய்கிறது. ஒரே ஒரு நிரல் கோப்பு. ஜாவா வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம். இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

ஆனால் உறுதித்தன்மைக்கு அவர்கள் சொல்லும் விடை என்ன? வன்பொருள் நம்பத்தகுந்ததல்ல, அதனால் தரவை இன்னொரு சர்வரிலும் பிரதி எடுத்து வையுங்கள் என்பது. அதே கட்டுரையில், பின்னால், இன்னொரு விஷயமும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது. புதிதாக எழுதிய தரவு டிஸ்க்கில் உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்று உறுதி செய்யும் கட்டளைக்கு 'எஃப்சிங்க்' என்று பெயர். கிளிக்ஹவுஸ் இயல்புநிலையில் அதைக் கொடுப்பதில்லை. மின்சாரம் போனால் கடைசியாக வந்த கொஞ்சம் தரவு போகலாம்; பெரும்பாலான பகுப்பாய்வு வேலைகளுக்கு அந்தச் சிறிய ஆபத்து பரவாயில்லை, பதிலுக்கு வேகம் கிடைக்கிறது என்பது வாதம்.

எழுதுபவர் சிவகிரியில் உட்கார்ந்திருந்தால் 'மின்சாரம் போனால்' என்ற சொற்களை இவ்வளவு லேசாக எழுதியிருப்பாரா? இது கிண்டல் இல்லை. ஆபத்து சிறியதா பெரியதா என்பது மென்பொருளின் குணம் அல்ல, அது ஓடும் ஊரின் குணம். தரவு மையத்தில் வருஷத்துக்கு ஒரு முறை நடந்தால் செய்தி. ஆடிக் காற்றில் இங்கே ஒரு ராத்திரிக்கு நாலு தடவை நடக்கும், யாரும் பேசக்கூட மாட்டார்கள்.

மில்லில் நடந்தது

நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் மில்களுக்கு ஒரு கண்காணிப்பு மென்பொருள் கொடுக்கிறது. ஒவ்வொரு ரிங் ஃபிரேமிலிருந்தும் நிமிடத்துக்கு ஒரு வரி வரும்: அந்த நிமிடத்தில் எவ்வளவு ஓடியது, எத்தனை இழை அறுந்தது. அந்த மில்லில் 60 இயந்திரம். தரவு வெளியே போகக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு, அதனால் எல்லாம் அவர்கள் சர்வரில். தரவுத்தளமாகக் கிளிக்ஹவுஸை வைத்தது நான். யாரும் சொல்லி வைக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கிளிக்ஹவுஸுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி எழுதினால் பிடிக்காது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஒரு புதிய துண்டு உருவாகி, பின்னணியில் அவை ஒன்றோடொன்று சேர்க்கப்படும். துண்டுகள் மிஞ்சிப்போனால் எழுதவே விடாது. ஒரு முறைக்குக் குறைந்தது 1,000 வரியாவது எழுதுங்கள், 10,000க்கு மேல் என்றால் நல்லது என்பது அவர்கள் ஆவணத்தின் அறிவுரை. எங்களுக்கு நிமிடத்துக்கு 60 வரிதான். நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினாலே அது தாங்கியிருக்கும். ஆனாலும் நான் அறிவுரையை மதித்து 10 நிமிடத் தரவை நினைவகத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும்படி எழுதினேன். சோதனையில் பிரமாதமாக ஓடியது.

சர்வருக்கான யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. புதுசு வாங்க எழுதிய ஃபைல் எங்கோ இருந்தது. ஆடி மாதம் ராத்திரி ஷிப்டில் கரண்ட் நாலு தடவை போனது. ஒவ்வொரு தடவையும் நினைவகத்தில் காத்திருந்தது காலி. சராசரி 5 நிமிடம் என்று வைத்தாலும் 20 நிமிடம். அதில் ஒரு தடவை, எழுதி அரை நிமிடம் ஆவதற்குள் கரண்ட் போனதால் அந்தத் துண்டு டிஸ்க்கில் அரைகுறையாக நின்றது. திரும்ப எழுந்த கிளிக்ஹவுஸ் அதைக் கெட்ட துண்டு என்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. அது ஒரு 10 நிமிடம். ஆக 480 நிமிட ஷிப்டில் 30 நிமிடம் இல்லை. ரிப்போர்ட்டில் அது 6 சதவீத உற்பத்திக் குறைவாக வந்தது. பிழைச் செய்தி எதுவும் திரையில் வரவில்லை. அழகான வரைபடம், கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்று ராத்திரி இப்படி. நாலாம் நாள் இ.டி.பி. செக்‌ஷன் அண்ணாச்சி போன் செய்தார். 20 வருஷத்துக்கு மேலாக அங்கே சம்பளப் பட்டியலிலிருந்து பிரிண்டர் வரை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவர்.

"தம்பி, ராத்திரி ஷிப்ட் மேஸ்திரிகிட்ட எழுதிக் கேட்டுட்டாங்க, ஏன் குறைஞ்சதுன்னு. அவரு எடைச் சீட்டைக் கொண்டாந்து காட்டுதாரு. நூல் இருக்கு. உங்க ரிப்போர்ட்லதான் இல்ல. நான் என்ன சொல்ல?"

"அண்ணாச்சி, தப்பு எங்க பக்கம்தான். நேர்ல வாரேன்" என்றேன். பஸ் ஏறிப் போனேன். எடைச் சீட்டையும் எங்கள் தரவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஓட்டை எங்கே என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்த மனிதர் மூன்று நாள் பதில் சொல்ல முடியாமல் நின்றது நின்றதுதான். அவர் கையில் ஒரு காகிதச் சீட்டு இல்லாமல் போயிருந்தால்?

தவறு என்னுடையது, கிளிக்ஹவுஸுடையது அல்ல. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆனால் ஒரு கருவியின் இயல்புநிலைகள் அதைப் பயன்படுத்துபவனின் தவறுகளுக்கு வடிவம் கொடுக்கின்றன என்பதும் உண்மை.

கணக்குப் போட்டிருக்க வேண்டும்

60 இயந்திரம், நாளைக்கு 1,440 நிமிடம்: 86,400 வரி. வருஷத்துக்கு 3 கோடியே 15 லட்சம். இதற்குப் போய்க் கிளிக்ஹவுஸா? போஸ்ட்கிரெஸில் மாதவாரியாகப் பிரித்து, மணிக்கணக்குச் சுருக்கத்தைத் தனி அட்டவணையில் வைத்தால் முடிந்தது. அப்படித்தான் இப்போது மாற்றியிருக்கிறோம். நிமிடத்துக்கு ஒரு பரிவர்த்தனை. போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்க் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். 'எழுதியாச்சு' என்று சொன்னால் டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் சொல்லும். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்த மாத ரிப்போர்ட் இப்போது இரண்டு விநாடி எடுக்கிறது. அண்ணாச்சி அதைக் கவனிக்கவே இல்லை.

எங்கள் சர்வரில் 8 ஜிபி நினைவகம். 16 ஜிபிக்குக் குறைந்தால் இயல்புநிலை அமைப்புகள் பொருந்தாமல் சிக்கல் வரலாம் என்று கிளிக்ஹவுஸ் ஆவணமே எச்சரிக்கிறது. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் பதிவு அட்டவணைகளும் உண்டு. காலக்கெடு வைக்காவிட்டால் அவை மெல்ல மெல்ல டிஸ்க்கைத் தின்னும். இதெல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை. வாடிக்கையாளர் இடத்தில் அந்த ஒருவர் இருக்க மாட்டார்.

பெரிய ஆட்களுக்கும் இதே கதை

சென்ட்ரி என்ற பிழை கண்காணிப்பு மென்பொருளைச் சொந்த சர்வரில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். 9ஆம் பதிப்பு வரை போஸ்ட்கிரெஸும் ரெடிஸும் இருந்தால் போதும். 10ஆம் பதிப்பில் கிளிக்ஹவுஸ் வந்தது; கூடவே காஃப்காவும் ஜூகீப்பரும் வந்தன. சென்ட்ரியின் சொந்த மேகத்தில் அது சரியான முடிவுதான். ஒரு சின்ன சர்வரில் வைத்திருந்தவருக்கு? போஸ்ட்ஹாக் நிறுவனமும் போஸ்ட்கிரெஸிலிருந்து கிளிக்ஹவுஸுக்கு மாறியது. 2023இல், வாடிக்கையாளர் தன் குபர்நெட்டிஸில் வைத்து ஓட்டும் கட்டணப் பதிப்புக்கான ஆதரவை நிறுத்துவதாக அறிவித்தது. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு யானையைக் கட்டிவிட்டுத் தூரத்திலிருந்து பாகன் வேலை பார்க்க முடியாது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2000இல் ரிச்சர்ட் ஹிப் எஸ்க்யூலைட்டை எழுதத் தொடங்கியதே அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஓடும் சேதக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றுக்காகத்தான். பின்னால் இருந்த இன்ஃபார்மிக்ஸ் சர்வர் நின்றால் இதுவும் நின்றது. நடுக்கடலில் தரவுத்தள நிர்வாகியை எங்கே தேடுவது? அதனால் சர்வரே இல்லாத தரவுத்தளம். அதே எண்ணத்தைப் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்தது ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையத்தில் பிறந்த டக்டிபி. 2019இல் அறிமுகமாகி 2024இல் 1.0 ஆனது. எங்கள் 3 கோடி வரியை என் லேப்டாப்பிலேயே அது சிரமமில்லாமல் கூட்டிக் கொடுக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் எழுத முடியும் என்ற கட்டுப்பாடு உண்டு.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, வாடிக்கையாளர் சர்வருக்கே போகும் மென்பொருட்களைப் பல வருஷமாக விற்கிறது. ஆப்மேனேஜர் போன்றவை போஸ்ட்கிரெஸைத் தங்களுக்குள்ளேயே வைத்து வருகின்றன. நிறுவுபவர் தரவுத்தளம் என்று ஒன்று இருப்பதையே நினைக்கத் தேவையில்லை. இதை யாரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதுவதில்லை. எழுதலாம்.

எப்போது வேண்டும்?

கிளிக்ஹவுஸே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் கொடுத்த உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். விநாடிக்கு 5,000 நிகழ்வு என்றால் 180 நாளைக்கு 7,776 கோடி வரி. அங்கே பத்திவாரிச் சேமிப்பு இல்லாமல் முடியாது. அங்கே இரண்டாவது சர்வரும் இருக்கும், பார்த்துக்கொள்ள ஆளும் இருப்பார். கட்டுரை அவர்களுக்கானது. தலைப்புத்தான் 'எல்லோருக்கும்' என்கிறது.

நம் துறையின் அளவுகோல்கள் பலவும் எவ்வளவு வேகமாகத் தரவை ஏற்றியது, எவ்வளவு வேகமாகப் பதில் சொன்னது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடித்தது என்பதையே அளக்கின்றன. வாடிக்கையாளர் சர்வருக்குப் போகிற எதற்கும் இன்னும் மூன்று சோதனை வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். ஒன்று, தரவு வந்துகொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவது; என்ன போனது, போனதைத் தானாகச் சொல்கிறதா என்று பார்ப்பது. இரண்டு, டிஸ்க் நிறையும் வரை விடுவது. காலி செய்தபின் தானே எழுகிறதா என்று பார்ப்பது. மூன்று, தரவுத்தளம் தெரியாத ஒருவரைப் போனில் வழிநடத்தியே மீட்க முடிகிறதா என்று பார்ப்பது. மூன்றாவதில் தோற்றால், முதல் இரண்டில் ஜெயித்தும் பயனில்லை.

முதல் சோதனையை இப்போது வீட்டிலேயே செய்கிறேன். பழைய கணினி, யூபிஎஸ் கிடையாது. பல நாள் நான் பிளக்கைப் பிடுங்க வேண்டியதே இல்லை. சிவகிரியில் அது தானாகவே நடந்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் இதுவரை சொன்ன சொல் தவறவில்லை. கிளிக்ஹவுஸையும் எஃப்சிங்க் அமைப்பைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேகம் எவ்வளவு குறைகிறது என்ற அளவுகளை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன். அந்த மேஸ்திரி இன்னமும் எடைச் சீட்டுகளை நூல் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று அண்ணாச்சி சொன்னார். வைத்திருக்கட்டும்.